பின்கதவில் ஓர் அலமாரி

“கதவு மேலயா அலமாரி அடிக்கப் போற? உனக்கென்னடா புத்தி கெட்டுப் போச்சா?”

தோளில் சுமந்து வந்த பலகைகளை வாஷிங் மெஷின்மேல் சாய்த்துவிட்டு டெல்மர் மூச்சு வாங்கினார்.

ஆர்வில் நிமிரவில்லை. பின்கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“வேற எங்கடா இடம்? மெஷினும் டிரையரும் போக, இந்த ரூம்ல ஒரு ஆள் திரும்ப முடியல. சோப்புத் தூள், துணிக்கூடை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் தரையில கிடக்கு. ஒரு சாண் அகலத்துக்குத் தட்டு, தரையில இருந்து மேல வரைக்கும். உன் பழைய பலகையை இழைக்காம அப்படியே போட்டா பார்க்கவும் நல்லா இருக்கும்.”

“அப்போ கதவு?”

“அது கிடக்கட்டும்.”

டெல்மருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. முப்பது வருஷமாக அவர் இந்த வீட்டுக்குள் வருவது அந்தக் கதவு வழியாகத்தான். தட்டுகிற வழக்கமெல்லாம் இல்லை. பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிவிட்டு, காய்ந்த துணி வாசனையைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போய்க் காபி ஊற்றிக்கொள்வார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, காலையில் எழுந்து போய்ப் பேச அவருக்கென்று இருந்தது இந்த ஒரு வீடுதான்.

அதன் கதவை மூடுகிறார்கள். அதுவும் அவருடைய இடிந்த மாட்டுக் கொட்டகைப் பலகைகளை வைத்தே.

காரணம் அவருக்குத் தெரியாமலில்லை. போன மாதம் தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, “என் ரம்பத்தைத் திருடினவன் இவன்தான்!” என்று ஆர்வில் கத்திய கத்தலில் சின்னப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. ரம்பம் ஆர்வில் வண்டியிலேயே கிடந்ததாக மறுநாள் அவர் மனைவி வெர்னா போனில் சொல்லி வருத்தப்பட்டாள். ஆர்வில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. எதுவுமே நடக்காத மாதிரி இருந்துவிட்டார்.

இன்றும் போன் செய்தது வெர்னாதான். “அவருக்குக் கை சரியில்ல டெல்மர். பலகை கொண்டுவந்து நீங்களே கொஞ்சம் அடிச்சுக் குடுத்துடுங்களேன்.” அவள் கூப்பிட்டால் மறுக்க முடிவதில்லை.

“விரல்ல என்ன கட்டு?”

“ஒண்ணுமில்ல, விடு. கதவுப் பிடி ரெண்டையும் கழட்டு முதல்ல.”

“வெளிப் பக்கத்துப் பிடியுமா?”

“ரெண்டும்தான் சொன்னேன்.”

டெல்மர் கழற்றினார். பிடி இருந்த ஓட்டை வழியாகக் குளிர்காற்று ஊசி மாதிரி உள்ளே வந்தது. ஆர்வில் அதில் ஒரு மரத்துண்டைச் செருகி, உள்ளங்கையால் தட்டி அடைத்தார்.

“வெர்னா, நீயாவது சொல்லேன். நல்ல கதவும்மா இது.”

டிரையர் பக்கம் நின்ற வெர்னா மடித்த துண்டையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். “அவர் சொல்றபடியே செஞ்சிடுங்க,” என்றாள், முகத்தைக் காட்டாமல்.

இரண்டு பக்கமும் நெடும்பலகைகளை நிறுத்தி, நிலையோடு சேர்த்து நீள ஸ்க்ரூ முடுக்கினார் டெல்மர். ஆர்வில் இடது கையால் ரசமட்டத்தைப் பிடித்திருந்தார்.

“கொஞ்சம் தூக்கு… போதும் போதும். காலம் பூரா மாடு கறந்தவன் கையில டிரில்லைக் குடுத்தா இப்படித்தான் கோணும்.”

“ஊருக்கெல்லாம் ஜன்னல் செஞ்ச பெரிய தச்சன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறானே, என்ன பண்ண!”

பழைய கிண்டல்தான். டெல்மருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தட்டு ஒவ்வொன்றாக ஏற ஏறக் கதவு மறைந்துகொண்டே வந்தது. கடைசித் தட்டுக்கு மேலே கதவுக் கண்ணாடி வழியாகப் பக்கத்திலிருந்த அவர் வீட்டுக் கூரை கொஞ்சம் தெரிந்தது. ஆர்வில் அதன்மேலும் ஒரு பலகையை வைத்துப் பிடித்தார்.

“இதையும் அடி.”

டெல்மர் டிரில்லைக் கீழே வைத்துவிட்டார்.

“போதும்டா. நான் இங்க வரக்கூடாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். என் பலகையை வாங்கி, என் கையாலயே எனக்குக் கதவைச் சாத்த வெச்சிட்டியே. நான் என்னடா பண்ணினேன் உனக்கு?”

வெர்னா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆர்வில் பிடித்திருந்த பலகையை இறக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“உனக்கா? உனக்கு எதுக்குடா கதவைச் சாத்தணும்? முன்பக்கமா வா, எப்ப வேணும்னாலும் வா. சாவியை அவகிட்ட வாங்கிக்கோ, என்கிட்ட சாவி இல்ல.” கட்டுப் போட்ட கையால் மரத்தில் ஓட்டை அடைக்கும் மக்கு டப்பாவை நீட்டினார். “ஸ்க்ரூ தலை ஒண்ணு விடாம மூடிடு. தச்சன் கை, கண்ணுல பட்டா கழட்டிடும். இங்க ஒரு கதவு இருக்கிறதே எனக்குத் தெரியக்கூடாதுன்னு டுலுத் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டார். போன வாரம் இந்தக் கதவைத் திறந்துக்கிட்டு, வெறுங்காலோட பனியில இறங்கி, கைவிரல் விறைச்சுப் புண்ணாகுற வரைக்கும், எப்பவோ செத்துப்போன எங்கம்மாவைத் தேடிக்கிட்டு நடந்து போனேனாம்.”