நகராத பச்சைக் கோடு

"விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் போட்டுப் பார்த்துட்டேன் சார். அரை நிமிஷ வேலை. இவர் செஞ்ச இன்ஸ்டாலர் அரை மணி நேரம் இழுக்குது. எவ்வளவு முடிஞ்சதுன்னு காட்டுற பச்சைக் கோடு நகரவே மாட்டேங்குது."

புதிதாக வந்த டெஸ்டர் பெண் மேனேஜரிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். குற்றம் கண்டுபிடிக்கத்தானே அவளுக்குச் சம்பளம்.

கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் அது; அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது இன்ஸ்டாலர். யாருக்கு எப்படி வேண்டுமோ அப்படி இன்ஸ்டாலரை மாற்றிக் கொடுப்பவருக்கு ஆபீஸில் 'ஆமை' என்று பெயர். கடைக்காரர்கள் தாங்களே இறக்கிக்கொள்ள அவர் கொடுத்தது சிட்டாய்ப் பறந்தது. கடை கடையாகப் போய்ப் போட்டுக் கொடுக்கும் அக்காவின் பென்டிரைவில் இருந்தது மட்டும்தான் ஊர்ந்தது.

ஏன் என்று மேனேஜர் குடைந்து குடைந்து கேட்டார். ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. கடைசியில், "இன்னும் ரெண்டு மாசம் அப்படியே இருக்கட்டும் சார்" என்றார்.

மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறியது. டெஸ்டரை நேரில் போய்ப் பார்த்து வரச் சொன்னார். தில்லுமுல்லு என்று தெரிந்தால் ஆமைக்கு இன்றே சீட்டுக் கிழியும்.

அந்த அக்காவை டெஸ்டர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாடியில் மூக்குக்கண்ணாடிக் கடை. அக்கா ஏழு மாத வயிற்றோடு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள். பென்டிரைவைச் செருகி ஓடவிட்டாள். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இது முடிஞ்சதும் ஆபீசுக்குத் தானாத் தகவல் போயிடும்மா. உடனே போன் வரும், அடுத்த கடைக்குக் கிளம்புன்னு. முன்னெல்லாம் உக்கார்றதுக்குள்ள முடிஞ்சிடும். இப்பக் கொஞ்ச நாளா நல்லா இழுக்குது. யார் செஞ்ச புண்ணியமோ."

டெஸ்டர் திரையில் ஊரும் பச்சைக் கோட்டைப் பார்த்தாள். என்ன காரியம் செய்யப் பார்த்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

செல்போன் அடித்தது. மேனேஜர்.

"என்னம்மா, அந்த ஆள் வேலைதானே இது?"

அக்கா கண்ணயர்ந்திருந்தாள். டெஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்ல சார், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். கடைகள்ல எல்லாம் பழைய கம்ப்யூட்டர். அரை மணி நேரம் ஆகத்தான் செய்யும். வெயில் நேரத்துல முக்கால் மணி கூட ஆகும் சார்."