தூரத்துச் சம்பந்தம்

“அந்த ஊருக்கு விமானத்துல எவ்வளவு நேரமாகுங்க?” என்று பெண்ணின் தந்தை கேட்டார்.

“இருபது மணி நேரம்” என்ற மாப்பிள்ளையின் சித்தப்பா, அது அதிகமாகப் பட்டுவிடுமோ என்று அஞ்சி, “நடுவுல ஒரே ஒரு இடத்துல மாறணும், அவ்வளவுதான்” என்று சேர்த்துக்கொண்டார்.

“அடேயப்பா! பதினாலாயிரம் கிலோமீட்டர் இருக்குமே?”

மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்த பெண், கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“கவலையே வேண்டாம். அடுத்த மாசம் நேர் விமானம் விடுறாங்க. பதினாறு மணி நேரம்தான். படுத்து எழுந்தா உங்க வீடு!”

தந்தையின் முகம் வாடியது. சித்தப்பா பதறிப்போய்க் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“பையனுக்கு விமானக் கம்பெனியிலதானே வேலை? டிக்கெட் இலவசம். மாசா மாசம் ரெண்டு பேரும் உங்க வாசல்ல வந்து நிப்பாங்க!”

“மன்னிச்சுக்குங்க. இந்தத் தூரம் எங்களுக்குச் சரிப்பட்டு வராது.”

வந்தவர்கள் விடைபெற்றதும் மனைவி சீறினாள்.

“நல்ல இடத்தைக் கெடுத்தீங்களே! பொண்ணைத் தூரத்துல கொடுக்க மனசு வரலையா?”

“தூரம்னு நம்பித்தானேடி பேச்சையே எடுத்தேன்!”

அப்போது, அடுத்த தெருவில் குடியிருக்கும் மூத்த மாப்பிள்ளை, அன்றைக்கு மூன்றாம் முறையாகக் கதவைத் தட்டாமலேயே உள்ளே நுழைந்தார்.

“அத்தை, ராத்திரிக்கு என்ன சமையல்?”