தொழுவத்துப் பெயர்கள்

குத்துக்கல்வலசையில் சாரல் விழுகிறதா, காற்றில் சும்மா மிதக்கிறதா என்று தெரியவில்லை. மதியமே அந்திபோல் மங்கிக் கிடக்கிறது. கால்நடைக் கணக்கெடுக்க வந்திருக்கும் மிஸ்ரியா, பாலித்தீன் பைக்குள் போட்ட செல்போனை வலது கையில் பிடித்தபடி தொழுவத்து வாசலில் நிற்கிறாள். "எத்தனை மாடு இருக்குக்கா?" மாட்டுக்காரி ரெங்கம்மாளின் முகம் சுண்டிப்போகிறது. "எண்ணிச் சொன்னா கண்ணு பட்டுரும் பிள்ள. பேரைச் சொல்லுதேன், நீயே எண்ணிக்கோ." வெள்ளச்சி என்கிறாள், கொசுவுக்குப் போட்ட வேப்பிலைப் புகைக்குள்ளிருந்து ஈர மூக்கு ஒன்று நீள்கிறது. மயிலை, கொண்டைச்சி, செவலை. பெயர் விழ விழ ஒரு காது அசைகிறது, ஒரு மணி கிணுங்குகிறது, வைக்கோல் சரசரக்கிறது. மிஸ்ரியாவின் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாய் மடங்குகின்றன. "சுட்டி" என்கிறாள் ரெங்கம்மாள், மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெதுவாக. கட்டைவிரலும் மடங்குகிறது. புகைக்குள் ஒன்றும் அசையவில்லை. முளையில் வெறும் கயிறு கிடக்கிறது. "அது எங்கனக்கா?" "போன மாசம் செத்துப்போச்சு. அதை விட்டுட்டுச் சொல்ல வாய் வரமாட்டேங்கு." மிஸ்ரியா செல்போனில் நான்கு என்று பதிகிறாள். சாரலில் இறங்கி அடுத்த வீட்டுக்கு நடக்கும்போதும் அவளுடைய இடது கையில் ஐந்து விரல்களும் மடங்கியே இருக்கின்றன.