ஓம் வரும்வரை

முதலாளி தவரத்தினத்துக்குக் கலைமாறன் இன்னும் கொடுக்க வேண்டியது மூவாயிரத்து எழுநூற்று நாற்பது யூரோ.

வன்னிச் சண்டையில் காணாமற்போன மகள் ரூபிகாவை மலேசியாவில் கண்டதாக ஒருவன் சொன்னான். கூட்டிவரக் காசு கேட்டான். கலைமாறன் முதலாளியிடம் கடன் வாங்கிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு போனவன் பிறகு போனை எடுக்கவேயில்லை.

மாதம் நூறாகக் கட்டுகிறான் கலைமாறன். ஆறுதலாகத் தரலாம் என்று முதலாளி சொன்னாலும் கேட்கமாட்டான்.

லா சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் முதலாளியின் சாப்பாட்டுக்கடை; கலைமாறனுக்கு அங்கேதான் வேலை. வருசத்தில் ஒரு திங்கட்கிழமை கடையைப் பூட்டி, வேலையாட்களை வான் வண்டியில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார் முதலாளி. இந்த முறை பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. புட்டுப் பார்சல்களை வானிலேயே விட்டு, அங்கிருந்த பழைய நிலக்கீழ் ஊரைப் பார்க்க இறங்கினார்கள்.

அந்தக் காலத்தில் சண்டை வந்தால் ஊரே மாடுகளோடு கீழே போய்விடுமாம். தெரு, தேவாலயம், பாண் சுடும் போறணை எல்லாம் மண்ணுக்குள். கூட்டிக்கொண்டு போன வழிகாட்டிப் பெண் ஷார்லோத் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, கோப்பை கழுவும் கோகிலன் தமிழில் சொன்னான்.

"எங்கடை பங்கருக்கு ஒருத்தரும் டிக்கெட் கேக்கேல்லை," என்று தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தான்.

அப்போதைய இருட்டைக் காட்டவென்று அவள் விளக்கை அணைத்தாள்.

"கோகிலன்," என்றான் கலைமாறன்.

"ஓம்."

"உதயன்."

"ஓம் மச்சான். என்ன, பள்ளிக்கூடம் மாதிரி இடாப்பு எடுக்கிறியோ?" என்றான் கூட வேலை செய்யும் உதயன்.

எல்லாரும் சிரித்தார்கள்.

வன்னியில் பங்கர் குழிக்குள் அப்படித்தான். செல் குண்டு விழுந்த புழுதியில் பக்கத்தில் இருப்பவர் முகமும் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஓம் வரும்வரை அடுத்த பெயருக்குப் போகக்கூடாது.

"ரூபிகா," என்றான்.

சிரிப்பு நின்றது.

திரும்பவும் கூப்பிட்டான். ஷார்லோத் விளக்கைப் போடும்வரை, அதே குரலில், கூப்பிட்டுக்கொண்டேயிருந்தான்.

கடலுக்குப் போகவில்லை. லா சப்பலுக்குத் திரும்பியதும் முதலாளி கடையைத் திறந்து, கணக்குக் கொப்பியை மேசையில் விரித்தார்.

"போதும் தம்பி. இனி நீர் ஒரு சதமும் தரவேண்டாம்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. அவள் வரும்வரைக்கும் நான் கட்டுவன்."

சட்டைப் பையிலிருந்து இந்த மாதத்து நூறு யூரோவை எடுத்து நீட்டினான். முதலாளி அதைத் தொடவில்லை.

அந்தக் கணக்கு கலைமாறன் பெயரில் இல்லை. காசு வாங்கிய அன்று அவன் கேட்டுக்கொண்டபடி, மேலே ரூபிகா என்று எழுதியிருந்தது.

முதலாளி அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறி அந்தப் பெயரை வெட்டினார்.