சத்தம் வராத குண்டு

"பக்கத்து வீட்டுக்காரி இன்னொரு தடவை சத்தம்னு வந்தா, துப்பாக்கியை வித்துருவேன்" என்று மனைவி லொரீன் சொன்னதிலிருந்து, மொன்டானாக் குளிரில் கேரேஜில் ஈயம் காய்ச்சுவதே ஹார்லனுக்குப் பிழைப்பாகிவிட்டது. சுண்டுவிரல் நீளத்துக்குக் குண்டு வார்த்தான். வெடிமருந்தை வெகுவாகக் குறைத்துத் தோட்டா நிரப்பினான்.

"கனமான குண்டு மெதுவாப் போகும். சத்தமே வராது."

கொல்லையில் ஓர் அட்டையைக் குறியாக நிறுத்தி வைத்துச் சுட்டான். 'டொப்' என்றது.

"கேட்டியாடி? பூனை தும்மினாக்கூட இதைவிடச் சத்தம் வரும்!"

"அட்டையில ஓட்டையைக் காணோமே, மேதாவி?"

"குறி தப்பியிருக்கும். இன்னொண்ணு சுடறேன், பாரு."

அவன் அடுத்த தோட்டாவைப் போட்டதும் லொரீன் துப்பாக்கியைப் பிடுங்கி அதை வெளியே எடுத்தாள். குழலுக்குள் துடைக்கும் கம்பியை விட்டாள். பாதியில் முட்டி நின்றது.

"குண்டு வெளியே வரவே இல்லைய்யா, உள்ளேயே உட்கார்ந்திருக்கு. அடுத்ததைச் சுட்டிருந்தா குழல் வெடிச்சிருக்கும். அப்புறம் ஊரே அலறினாலும் உன் காதுல விழுந்திருக்காது."