நிற்க வேண்டாத வண்டி

“ஆரணி வெயில்ல மேல்கூரையைத் தெறந்து வெச்சிகினு எங்க போறது சசி? மண்டை காஞ்சி பூடும்.”

குப்புராஜ் இப்படிச் சொன்னதும் ஷோரூம் விற்பனையாளர் மணவாளன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் மனைவி சசிகலா விடுவதாக இல்லை. அந்த நீல வண்டியின் கூரைக் கண்ணாடியைத் திறந்து மூடச் சொல்லி மூன்றாவது தடவையாகப் பார்த்தாள்.

அந்த நீல வண்டியும் பக்கத்தில் நின்ற வெள்ளை வண்டியும் ஒரே கம்பெனியின் மின்சாரக் கார்கள். மேடு பள்ளத்துக்குத் தாங்குகிற உயரமான ரகம். விலையில் ஐயாயிரம் ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. நீல வண்டியில் கூரைக் கண்ணாடி, பெரிய திரை, குளுகுளு சீட் என்று சகல சொகுசும் உண்டு. பேட்டரி மட்டும் சின்னது. ஒரு சார்ஜுக்கு இருநூற்று இருபது கிலோமீட்டர் ஓடினால் அதிகம். வெள்ளை வண்டியில் சொகுசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் பேட்டரி பெரியது. நானூறு கிலோமீட்டர் ஓடும்.

குப்புராஜ் பட்டுப் புடவை வியாபாரி. முள்ளிப்பட்டில் முப்பது தறிகளுக்கு வேலை கொடுப்பவர். வாரம் ஒரு தடவை புடவைகளை எடுத்துக்கொண்டு சென்னைக் கடைகளுக்குப் போய்வருவார். போக வர இருநூற்று எண்பது கிலோமீட்டர். கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் வெள்ளை வண்டியைத்தான் வாங்குவார்கள்.

சசிகலாவுக்கும் கூட்டல் கழித்தல் தெரியும். அதனால்தான் நீல வண்டி வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆற்காடு தாண்டிச் சென்னை போகிற நெடுஞ்சாலையில், தாமல் பக்கத்தில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் வந்திருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு சின்ன டிபன் கடை. கடையை நடத்துவது அவர்களுடைய மகள் பவித்ராவும், அவள் விரும்பிக் கட்டிக்கொண்ட தென்னரசுவும். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. “இந்த வீட்ல இனிமே அவ பேச்சு வரக்கூடாது” என்று அன்றைக்குச் சொன்னவர்தான் குப்புராஜ். பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டே மகளை வளர்த்தவர், அப்புறம் அந்தச் சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. சசிகலா மட்டும் துணி காயப் போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய் மகளிடம் போனில் பேசிவிட்டு வருவாள்.

“நம்ம பக்கத்து எலக்ட்ரிக் காருங்க எல்லாம் இங்கதாம்மா நிக்குது” என்று பவித்ரா சொன்ன அன்றுதான் சசிகலாவுக்கு யோசனை வந்தது. நீல வண்டி என்றால் வழியில் சார்ஜ் போட்டே ஆகவேண்டும். முக்கால் மணி நேரம் மகளின் கடைக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன், ஒரு டீ குடிக்கவாவது இறங்க மாட்டாரா?

குப்புராஜோ நீல வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புடவையென்றாலே உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற ஆள். வெள்ளை வண்டியைக் குனிந்து நிமிர்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மணவாளனிடம் வந்தார்.

“இதுல போனா, சென்னைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் எங்கயும் நிக்க வேணாமா?”

“வேணாங்க.”

“ஏசி போட்டுகினு போனா?”

“அப்பவும் வேணாங்க. வீட்டுக்கு வந்தப்புறமும் நூறு கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்.”

“நல்லா யோசிச்சி சொல்லுங்க. சார்ஜுக்குன்னு எங்கயுமே நிக்கத் தேவையில்லயே?”

மணவாளன் அடித்துச் சொன்னார். சசிகலா நீல வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் இருக்கிற இடத்தில் தப்பித் தவறிக்கூட நின்றுவிடக் கூடாது என்று இப்படியா ஒரு மனுஷன் துருவித் துருவிக் கேட்பான்?

“எனக்கு நீலம்தாங்க புடிச்சிகீது,” என்றாள் கடைசியாக.

“கலரெல்லாம் புடவைக்குப் பாரு. வண்டிக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு வெள்ளை வண்டிக்கு முன்பணம் கட்டினார் குப்புராஜ். சசிகலா அந்தப் பக்கமாகத் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் வண்டி வந்தது. முதல் தடவை சென்னைக்குக் கிளம்பும்போது அவளையும் கூப்பிட்டார். வர மனமில்லைதான். ஆனாலும் போகிற போக்கில் மகளின் கடையை ஒரு நொடி பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டில் புடவைக் கட்டுகள். ஆற்காடு போனது, வாலாஜா போனது, காவேரிப்பாக்கமும் போனது. சத்தமே போடாத வண்டி.

தாமல் நெருங்கியதும் சசிகலா இடதுபக்க ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். சார்ஜிங் ஸ்டேஷன் பலகை தெரிந்தது. கண்ணை இமைக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

வண்டியின் வேகம் குறைந்தது. இண்டிகேட்டர் போட்டு உள்ளே திரும்பி, டிபன் கடைக்கு நேர் எதிரே நின்றது.

அங்கே வேலை பார்ப்பவர் சார்ஜ் ஒயரை இழுத்துக்கொண்டு வந்து, ஜன்னல் வழியே திரையை எட்டிப் பார்த்தார்.

“எண்பத்தி நாலு பர்சன்ட் கீதே சார். இன்னாத்துக்கு நிறுத்தினீங்க?”

“சார்ஜ் போட வரலப்பா.”

“இந்த எடம் உங்களுக்கு எப்டிங்க...” என்று இழுத்தாள் சசிகலா.

“மழை பெய்யறப்பகூட மாடியில துணி காயப் போடறவ ஊர்லயே நீ ஒருத்திதான்,” என்றார் குப்புராஜ். சீட் பெல்ட்டைக் கழற்றி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். “நீ கேட்ட நீல வண்டியில வந்திருந்தா, சார்ஜ் தீந்துதான் அப்பா வந்து நிக்கிறாருன்னு பாப்பா நெனச்சிக்கும் சசி.”