ஏழாம் நம்பர்

லிஃப்ட் கெட்டு ஒரு வாரம். மூன்று மாடி ஏறி வந்த மரபணு ஆய்வாளர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். இதய டாக்டர் அவளுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார்.

"என்ன மேடம், வரவர ரொம்ப ஓஞ்சு போறீங்க?"

"வயசாகுதுல்ல டாக்டர். சொல்லுங்க."

"நான் ரத்தம் அனுப்பின அந்தப் பொண்ணுக்கு இருபது வயசுதான். இதயம் வீங்கிக்கிட்டே போகுது. தங்கச்சிக்கும் வருமான்னு அவங்கம்மா என்னைத் துளைச்செடுக்கிறாங்க."

அவள் அலுப்போடு திரையைத் திருப்பினாள். "ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அதனால இதயத் தசைப் புரதம் கெடுமான்னு கம்ப்யூட்டரைக் கேட்டா, கெடாதுன்னு அடிச்சுச் சொல்லுது."

"எதை வச்சு?"

"நம்ம ஆரோக்கியமானவங்க பட்டியல்ல ஏழாம் நம்பருக்கும் இதே மாற்றம் இருக்கு. அவங்க நல்லாத்தானே இருக்காங்கன்னு இதைத் தள்ளி விட்டுடுது."

"அது பத்து வருஷத்துக்கு முந்தின பட்டியல் மேடம். அவங்க இன்னும் நல்லா இருக்காங்களான்னு யாராவது பார்த்தீங்களா?"

அவள் குனிந்து, செருப்பு வார்களை மீறிப் பிதுங்கியிருந்த தன் பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஏழாம் நம்பருக்கு எதிரே இருந்த 'ஆரோக்கியம்' என்ற சொல்லை அழித்தாள். கம்ப்யூட்டர் சற்று யோசித்துவிட்டு, 'புரதம் கெடும்' என்றது.

"என்ன மேடம், ஒரு வார்த்தை விசாரிக்காம அழிச்சிட்டீங்க?"

"அப்ப பட்டியலுக்கு ஆள் பத்தலைன்னு இங்க வேலை செய்யறவங்களே ரத்தம் கொடுத்தோம் டாக்டர். ஏழாவதா கை நீட்டினது நான்தான். அந்தத் தங்கச்சி வர்ற அன்னிக்கு எனக்கும் ஒரு டோக்கன் போட்டு வைங்க."